கால்பந்து டிக்கெட்டின் விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

2026 உலகக் கோப்பை இறுதிப்போட்டிக்கு ரசிகர்களுக்கென ஒதுக்கிய டிக்கெட்டுகளில் மிகக் குறைந்த விலையே 4,185 டாலர் என்று 2025 டிசம்பரில் செய்தி வந்தது. ஐரோப்பிய ரசிகர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. ஒரு வாரம்கூட ஆகவில்லை, இறுதிப்போட்டி உட்பட எல்லா ஆட்டங்களுக்கும் 60 டாலருக்கு டிக்கெட் உண்டு என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அறிவித்தது. ஆட்டம் மாறவில்லை, மைதானம் மாறவில்லை, மைதானத்தை நடத்தும் செலவும் குறையவில்லை. அப்படியானால் 4,185 என்ற எண் எங்கிருந்து வந்தது? 60 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கால்பந்து டிக்கெட் விலை பற்றிய குழப்பம் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பெட்ரோல் விலை, தங்கம் விலை போல இதுவும் எங்கோ சந்தையில் தானாக உருவாகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் ஒரு அறையில் சிலர் உட்கார்ந்து எடுக்கும் முடிவு இது. அந்த அறையில் யாருக்கு இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இங்கிலாந்தில் ஒரு விலையும் ஜெர்மனியில் வேறொரு விலையும் வருகின்றன.

எந்த டிக்கெட்டைச் சொல்கிறோம்?

விலைகளை ஒப்பிடும் செய்திகள் பெரும்பாலும் வெவ்வேறு பொருள்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுகின்றன. முதலில் வகைகளைப் பிரித்துக்கொள்வோம்.

1. சீசன் டிக்கெட். ஒரு பருவத்தின் எல்லா உள்ளூர் ஆட்டங்களுக்கும் ஒரே இருக்கை. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 19 ஆட்டம், ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் 17. ஆர்சனல் சீசன் டிக்கெட்டில் பல ஆண்டுகள் 7 கோப்பை ஆட்டங்களும் சேர்ந்தே இருந்தன. மொத்தத் தொகையை மட்டும் பார்த்து "இது அதைவிட இரண்டு மடங்கு" என்று சொல்வது இதனால்தான் தவறாகிறது. ஆட்டம் ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும்.

2. மெம்பர் டிக்கெட். சீசன் டிக்கெட் கிடைக்காதவர்கள் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகிறார்கள். சந்தா கட்டினால் டிக்கெட் கிடைத்துவிடாது, வாங்க முயற்சி செய்யும் உரிமைதான் கிடைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனிக் கட்டணம். பல கிளப்புகள் எதிரணியைப் பொறுத்து ஆட்டங்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்து, பெரிய அணி வந்தால் கூடுதலாக வாங்குகின்றன.

3. அவே டிக்கெட். தன் அணி வெளியூரில் ஆடும்போது உடன் செல்லும் ரசிகருக்கானது. பிரீமியர் லீக்கில் வரும் அணிக்கு 3,000 இருக்கைகள், அல்லது மைதானத்தின் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது ஒதுக்கப்பட வேண்டும்.

4. ஹாஸ்பிடாலிட்டி. சாப்பாடு, பானம், வசதியான இருக்கை எல்லாம் சேர்த்து நிறுவனங்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் விற்பது. மைதானத்தில் சிறு பகுதிதான், ஆனால் வருமானத்தில் பெரிய பங்கு.

இவை தவிர சிறுவர், முதியவர் சலுகைகள் உண்டு. விலையை ஏற்றாமலே விலையை ஏற்றும் வழி இந்தச் சலுகைகளைக் குறைப்பது. டாட்டன்ஹாம் கிளப் 2024 மார்ச்சில், முதியோருக்குப் புதிதாகச் சலுகை சீசன் டிக்கெட் தருவதை நிறுத்தப் போவதாக அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பு இதனால்தான். பட்டியலில் இருக்கும் விலையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

நான்கு பவுண்டு எங்கே போயிற்று?

1989-90 பருவத்தில் லிவர்பூலில் மிக மலிவான டிக்கெட் 4 பவுண்டு. மான்செஸ்டர் யுனைடெட்டில் 3.50. பணவீக்கத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அந்த 4 பவுண்டு இன்று 10, 12 பவுண்டு அளவில்தான் நிற்கும். நடந்தது வேறு. அதைப் புரிந்துகொள்ள ஒரு துயரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் உயிரிழந்தார்கள். விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் இறுதி அறிக்கை தந்தார். பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் பகுதிகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. அதைச் செய்தார்கள்.

அந்த அறிக்கையில் இன்னொரு கருத்தும் இருந்தது. இருக்கை வந்தாலும் நின்று பார்த்தவர்களின் பைக்கு ஏற்ற விலையில் மலிவு டிக்கெட் வைக்க முடியும் என்று டெய்லர் எழுதினார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தை எடுத்துக்காட்டினார்: அங்கே இருக்கைக்கு 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு. பாதுகாப்புக்கும் விலையேற்றத்துக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை என்பதே அவர் சொன்னது. கிளப்புகள் அறிக்கையின் முதல் பாதியை நிறைவேற்றின, இரண்டாம் பாதியை விட்டுவிட்டன. அந்தத் துயரத்துக்குப் பிறகு எழுதப்பட்ட அறிக்கை, அதே ரசிகர்களின் பிள்ளைகளை மைதானத்துக்கு வெளியே நிறுத்தும் விலைக்குச் சாக்காகப் பயன்பட்டது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

1992இல் பிரீமியர் லீக் பிறந்தது, தொலைக்காட்சிப் பணம் வந்தது, மைதானங்கள் புதுப்பிக்கப்பட்டன, உலகம் முழுவதிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஆட்டம் மேம்பட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது. கேள்வி, அதற்கான செலவு டிக்கெட்டிலிருந்துதான் வர வேண்டுமா என்பது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"நல்ல ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றால் டிக்கெட் விலை ஏறத்தான் செய்யும்" என்று அடிக்கடி சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எண்களை வைத்துப் பார்ப்போம்.

1. ஒரு கிளப்பில் 40,000 இருக்கைகள் என்று கொள்வோம். ஒவ்வொன்றின் விலையையும் ஆட்டத்துக்கு 10 பவுண்டு ஏற்றுகிறார்கள். 19 ஆட்டங்களில் 76 லட்சம் பவுண்டு கூடுதலாக வரும்.

2. பிரிட்டனில் டிக்கெட் விலைக்குள் 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் கிளப்புக்கு மிஞ்சுவது சுமார் 63 லட்சம்.

3. வாரம் 1,50,000 பவுண்டு வாங்கும் ஒரு ஆட்டக்காரரின் ஆண்டுச் சம்பளம் 78 லட்சம். பெரிய கிளப்புகளில் இந்தச் சம்பளம் வாங்குபவர்கள் பலர்.

அதாவது 40,000 பேரிடமும் ஒவ்வொரு முறையும் 10 பவுண்டு கூடுதலாக வாங்கினாலும் ஒரே ஒரு ஆட்டக்காரரின் சம்பளம்கூடத் தேறாது. அந்த ரசிகருக்கோ அது ஆண்டுக்கு 190 பவுண்டு. ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு இன்னும் அதிகம்.

பிரீமியர் லீக் கிளப்புகளின் மொத்த வருமானத்தில் ஆட்ட நாள் வருமானம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான், அதுவும் ஹாஸ்பிடாலிட்டியைச் சேர்த்து. பெரும்பங்கு ஒளிபரப்பிலிருந்து வருகிறது. 2025 முதல் 2029 வரையிலான நான்கு பருவங்களுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டுமே 670 கோடி பவுண்டு. வெளிநாட்டு உரிமைகள் தனி.

சரி, அவ்வளவு பணம் இருந்தும் ஏன் ஏற்றுகிறார்கள்? ஒளிபரப்புத் தொகை ஒப்பந்தத்தால் முன்கூட்டியே நிர்ணயமானது. விளம்பர வருவாயைப் பெருக்கப் பல ஆண்டுகள் ஆகும். கிளப் நினைத்த நாளில் நினைத்தபடி மாற்றக்கூடிய ஒரே எண் டிக்கெட் விலை. மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்று லீக் விதி வைத்திருந்ததால் அந்த எண்ணின் மேல் கை வைக்கும் ஆசை இன்னும் கூடியது. 2024 பருவத்தின் நடுவே மான்செஸ்டர் யுனைடெட் மிச்சமிருந்த மெம்பர் டிக்கெட்டுகளை எல்லாம் 66 பவுண்டாக்கியது. அதற்கு முன் பெரியவர்களுக்கு 40 பவுண்டிலிருந்தும் சிறுவர்களுக்கு 25 பவுண்டிலிருந்தும் கிடைத்தவை அவை. சிறுவர் சலுகையும் முதியோர் சலுகையும் அந்த டிக்கெட்டுகளில் இல்லாமல் போயின. பல கோடிகள் புரளும் ஒரு கிளப்பின் நட்டத்தை அடைக்க, ஒரு சிறுவனின் 25 பவுண்டு 66 ஆக வேண்டியிருந்தது.

ரசிகர் கடை மாற்ற மாட்டார்

விலை ஏறினால் வாங்குபவர் குறைவார் என்பது பொதுவிதி. கால்பந்தில் அது மெதுவாகத்தான் வேலை செய்கிறது. எவர்ட்டன் ரசிகருக்கு டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அவர் அதே ஊரின் இன்னொரு அணியான லிவர்பூலுக்கு மாறிவிடப் போவதில்லை. தாத்தா காலத்திலிருந்து வரும் பற்று அது. மைதானங்கள் நிரம்பி வழிவதைக் காட்டி "விலை சரியாகத்தான் இருக்கிறது" என்று நிர்வாகிகள் சொல்லும்போது, அந்தப் பற்றின் மேல்தான் அவர்கள் நிற்கிறார்கள்.

மைதானம் நிரம்பியிருப்பது இன்னொன்றையும் மறைக்கிறது. யார் போனார்கள், யார் வந்தார்கள் என்பது அந்த எண்ணில் தெரியாது. பிரிட்டனின் சுற்றுலா அமைப்பின் கணக்குப்படி 2019இல் அங்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளில் 15 லட்சம் பேர் ஒரு கால்பந்து ஆட்டத்தையாவது நேரில் பார்த்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருபவர் ஒரு டிக்கெட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார், கடையில் ஜெர்சியும் வாங்குவார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை, அவரும் ஆசைப்பட்டுத்தான் வருகிறார். ஆனால் ஒரு கிளப் அவரை மனதில் வைத்து விலை வைக்கத் தொடங்கினால், மழையிலும் தோல்வியிலும் வாராவாரம் வருபவர் கணக்கில் இல்லாமல் போகிறார்.

அந்த வாராவார ரசிகர் வெறும் வாடிக்கையாளர் அல்ல. 2020இல் கொரோனாவால் மைதானங்கள் காலியாக இருந்தபோது ஒளிபரப்பில் பதிவு செய்த கூட்டச் சத்தத்தைச் சேர்த்துத்தான் ஆட்டங்களைக் காட்டினார்கள். கூட்டம் இல்லாத கால்பந்து தொலைக்காட்சியிலும் எடுபடாது என்பதை அந்தச் சில மாதங்கள் எல்லோருக்கும் காட்டின. பாட்டும் கொடியும் கூச்சலும் விற்கப்படும் பொருளின் பகுதி. அதை உருவாக்குபவரிடமே அதற்குக் காசும் வாங்குகிறார்கள்.

ஜெர்மனியில் ஏன் மலிவு?

பயர்ன் மியூனிக் கிளப்பின் மைதானத்தில் தெற்குப் பகுதியில் நின்று பார்க்கும் சீசன் டிக்கெட் பல ஆண்டுகள் சுமார் 150 யூரோ அளவிலேயே இருந்தது. ஆட்டத்துக்கு 9 யூரோவுக்கும் குறைவு. உலகின் பணக்கார கிளப்புகளில் ஒன்றில்! கிளப்பின் தலைவராக இருந்த ஊலி ஹெனஸ், ரசிகர்களைக் கறக்கும் மாடுகளாகத் தாங்கள் பார்ப்பதில்லை என்றும், நின்று பார்ப்பவர்களிடம் விலையை ஏற்றினால் வரும் தொகை தங்கள் வருமானத்தின் முன் பெரிதே இல்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். மேலே போட்ட கணக்கைத்தான் அவரும் போட்டிருக்கிறார்.

ஹெனஸின் நல்ல மனது மட்டும் இதற்குக் காரணமில்லை. மூன்று அமைப்புகள் பின்னால் இருக்கின்றன.

1. 50+1 விதி. 1998 முதல் இருக்கும் இந்த விதிப்படி, கிளப்பை நடத்தும் நிறுவனத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களின் சங்கத்திடம் இருக்க வேண்டும். லெவர்குசன், வொல்ஃப்ஸ்புர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. மற்ற இடங்களில் தலைவர்கள் உறுப்பினர்களின் கூட்டத்துக்கு வந்து பதில் சொல்லியாக வேண்டும்.

2. நின்று பார்க்கும் பகுதி. இங்கிலாந்து எடுத்துவிட்டதை ஜெர்மனி உள்நாட்டு ஆட்டங்களுக்கு வைத்துக்கொண்டது. டார்ட்மண்ட் கிளப் மைதானத்தின் தெற்குப் பகுதியில் மட்டும் 24,000க்கும் மேற்பட்டோர் நிற்கிறார்கள். இருக்கை போட்டால் இடம் குறையும், ஆளுக்கு விலை கூடும். நிற்பவர்களின் பகுதியில் மலிவாகக் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்து இருக்கைகளிலும் நிறுவன இருக்கைகளிலும் ஈடுகட்டுகிறார்கள். ஜெர்மனியிலும் நல்ல இருக்கை மலிவில்லை. மலிவானது கீழ்த்தட்டு, அதுதான் முக்கியம்.

3. பயணச் செலவு. பல ஜெர்மன் கிளப்புகளில் ஆட்ட டிக்கெட்டைக் காட்டியே அந்த வட்டாரத்து ரயிலிலும் பேருந்திலும் போய்வரலாம். இங்கிலாந்தில் டிக்கெட்டை விட ரயில் கட்டணம் அதிகமாகும் நாள்கள் உண்டு. தொலைக்காட்சிக்காக ஆட்ட நேரம் மாறினால் முன்பதிவு செய்த ரயில் டிக்கெட் வீணாகும்.

இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறி டார்ட்மண்ட் போய் ஆட்டம் பார்த்துத் திரும்பும் ரசிகர்கள் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்பதில் வியப்பில்லை.

ஜெர்மனியைச் சொர்க்கமாகக் காட்டவும் கூடாது. 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பயர்னே பட்டம் வென்றது. மலிவு டிக்கெட் போட்டியைச் சமமாக்கிவிடவில்லை. அங்கேயும் ரசிகர்கள் விலைக்காகப் போராடித்தான் வந்திருக்கிறார்கள். நிற்கும் இடத்துக்கு 20 யூரோ தர மாட்டோம் என்ற இயக்கம் 2010இல் தொடங்கியது.

மூன்று நாள் இடைவெளியில் இரண்டு போராட்டங்கள்

2016 பிப்ரவரி 6. லிவர்பூல் தன் மைதானத்தின் புதிய பார்வையாளர் பகுதியில் 77 பவுண்டு டிக்கெட் அறிவித்திருந்தது. சண்டர்லாண்டுக்கு எதிரான ஆட்டத்தில் அணி 2-0 என முன்னிலையில் இருந்தபோது, 77ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, 77 பவுண்டு டிக்கெட்டைக் கைவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு விலையை ஏற்றுவதில்லை என்றார்கள்.

பிப்ரவரி 9 அன்று ஷ்டுட்கார்ட்டில் நடந்த கோப்பை ஆட்டத்தில், டார்ட்மண்ட் ரசிகர்கள் தாமதமாக உள்ளே வந்து டென்னிஸ் பந்துகளை ஆடுகளத்தில் வீசினார்கள். காரணம் அதே டிக்கெட் விலை.

இங்கிலாந்துப் போராட்டத்தின் பலன் லிவர்பூலோடு நிற்கவில்லை. அடுத்த மாதமே பிரீமியர் லீக் கிளப்புகள் அவே டிக்கெட்டுக்கு 30 பவுண்டு என்ற உச்சவரம்பை ஏற்றன. பல ஆண்டுகளாக நடந்துவந்த ரசிகர் இயக்கத்துக்குக் கிடைத்த வெற்றி அது. பிறகு அது நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. இந்த வரம்பால் எந்தக் கிளப்பும் திவாலாகவில்லை, மைதானத்தின் அவே பகுதிதான் இன்று பெரும்பாலும் சத்தம் மிகுந்த பகுதி.

எல்லை தாண்டும்போது

ஐரோப்பியக் கோப்பைகளில் வேறொரு சிக்கல். வரும் ரசிகருக்கு விலை வைப்பது எதிரணி. அந்த ரசிகர் அந்த ஊருக்கு மீண்டும் வரப்போவதில்லை, எவ்வளவு வைத்தாலும் வாங்குவார். 2018இல் செவில்லா கிளப் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு 89 பவுண்டு வைத்தது. யுனைடெட் தன் மைதானத்துக்கு வரும் செவில்லா ரசிகர்களிடம் அதே 89 பவுண்டு வாங்கி, அந்தப் பணத்தில் தன் ரசிகர்களுக்கு ஆளுக்கு 35 பவுண்டு திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு பார்சிலோனாவுடன் 102 பவுண்டுக்கு இதுவே மீண்டும் நடந்தது. கிளப்புகளின் சண்டையில் இரண்டு ஊர் ரசிகர்களும் அடி வாங்கினார்கள்.

இதற்குத் தீர்வு மேலிருந்துதான் வர முடியும். வந்தது. சாம்பியன்ஸ் லீக்கில் அவே டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வைத்த ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ அதை 2024-25இல் 60 யூரோவாகவும் அடுத்த பருவத்தில் 50 யூரோவாகவும் குறைத்தது.

டைனமிக் பிரைசிங்: விலை ஓடிக்கொண்டே இருந்தால்

விமான டிக்கெட் போலத் தேவைக்கேற்ப விலையை ஏற்றி இறக்குவதே டைனமிக் பிரைசிங். 2025 கிளப் உலகக் கோப்பையில் செல்சி-ஃப்ளுமினென்ஸ் அரையிறுதிக்கு 473.90 டாலராக இருந்த டிக்கெட், ஆட்டம் நெருங்கியபோது 13.40 டாலரானது. முன்கூட்டியே வாங்கிய விசுவாசி முப்பத்தைந்து மடங்கு கொடுத்தார்.

2026 உலகக் கோப்பைக்கும் இந்த முறையையே ஃபிஃபா கொண்டுவந்தது. போட்டியை நடத்த 2018இல் விண்ணப்பித்தபோது தந்த ஆவணத்தில் மிகக் குறைந்த விலை 21 டாலர், இறுதிப்போட்டியின் அதிகபட்ச விலை 1,550 டாலர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். விற்பனை தொடங்கியபோது குழு ஆட்டங்களுக்குக் குறைந்தது 60, இறுதிப்போட்டிக்கு அதிகபட்சம் 6,730. அப்புறம் மறுவிற்பனை. ஃபிஃபாவின் சொந்தத் தளத்தில் விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம். 1,000 டாலருக்கு ஒரு டிக்கெட் கைமாறினால் வாங்குபவர் 1,150 கொடுப்பார், விற்பவருக்கு 850 கிடைக்கும், 300 டாலர் ஃபிஃபாவுக்கு. விலை ஏற ஏறப் பங்கும் ஏறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வது 1994 முதல் சட்டப்படி குற்றம் என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன 60 டாலர் டிக்கெட்டின் அளவையும் பார்த்துவிடலாம். ஆடும் ஒவ்வொரு நாட்டின் கால்பந்துச் சங்கத்துக்கும் அந்த ஆட்டத்தின் டிக்கெட்டுகளில் 8 சதவீதம் ஒதுக்கீடு. அதில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் 60 டாலர் விலை. 80,000 பேர் அமரும் மைதானம் என்று கொண்டால் ஒரு நாட்டுக்கு 640 டிக்கெட், இரண்டு நாட்டுக்கும் சேர்த்து 1,280. கிடைத்தவர்களுக்குப் பெரிய விஷயம்தான். மற்ற 78,000 இருக்கைகளுக்கு எதுவும் மாறவில்லை.

டைனமிக் பிரைசிங் தவிர்க்க முடியாத காலமாற்றம் என்பதும் உண்மையில்லை. ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2024இல் குழு ஆட்டங்களுக்கு 30 யூரோவிலும் இறுதிப்போட்டிக்கு 95 யூரோவிலும் டிக்கெட் இருந்தது. யூரோ 2028இலும் டைனமிக் பிரைசிங் கிடையாது என்று யுஇஎஃப்ஏ சொல்லிவிட்டது.

புதிய சட்டம் என்ன செய்யும்?

இங்கிலாந்தில் 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி அமையும் சுதந்திர ஒழுங்காற்று அமைப்பு டிக்கெட் விலையை நிர்ணயிக்காது. விலையை மாற்றும் விஷயத்தில் கிளப் தன் ரசிகர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதை உறுதிசெய்யும். பருவத்தின் நடுவே, யாரையும் கேட்காமல் 40 பவுண்டை 66 ஆக்குவது இனி கடினமாகும் என்ற அளவில் இது முன்னேற்றம்.

ஆனால் கேட்டுவிட்டு ஏற்றினால்? அதைத் தடுக்கும் அதிகாரம் சட்டத்தில் இல்லை. ஜெர்மன் உறுப்பினருக்கு வாக்கு இருக்கிறது, இங்கிலாந்து ரசிகருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. என் பார்வையில் கேட்க வேண்டியது, அவே டிக்கெட்டில் வேலை செய்த அதே வழி: ஒவ்வொரு மைதானத்திலும் இத்தனை சதவீத இருக்கைகள் இந்த விலைக்கு மேல் போகக் கூடாது என்று லீக்கே வரம்பு வைப்பது. 30 பவுண்டு வரம்பை அரசு திணிக்கவில்லை, கிளப்புகள் தாங்களே வாக்களித்து ஏற்றன. உள்ளூர் இருக்கைகளுக்கும் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடத்த அவர்களுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.